எமகண்டத்தில் கிளம்பாத படகு

காஜா பேராங்,
மலாக்கா,
8-9-1958

என் கண்ணு ஜெயாவுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். ஈப்போவில் மழைக்குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். ராத்திரி வேலைக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ. மற்ற நர்ஸ் பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உன் அத்தை கொடுத்த அச்சார் ஊறுகாயை தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. போன மாதம் நம் வாசலில் வந்து நின்றது யார் தெரியுமா? தனலட்சுமி! ராஜரத்தினத்தைப் பெற்ற அதே மகராசி. உனக்கும் அவள் மகனுக்கும் தாம்பூலம் மாற்றிய பிறகு, விநாயகர் கோயில் வாசலில் நாலு பேர் கேட்க, "தமிழ் மறந்த மலாக்கா செட்டி வீடாம், புருஷன் மலாய்ல பேசறான், மீன் விக்கிறான், நாத்தனா மலாய்க்காரி மாதிரி கெபாயா போட்டுக்கிட்டு சாமி கும்பிடறா, இவங்களோடயா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, தட்டைத் திருப்பி அனுப்பினாளே, அவள்தான். நான் தெங்கேராவில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்பதுகூட அவள் காதில் ஏறவில்லை. அன்றைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஏற்கெனவே கழுவிய பானையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது மறக்குமா?

வந்த காரியம் இதுதான். மகனுக்குச் சிங்கப்பூரில் ஒரு குத்தகைக்காரர் வீட்டுப் பெண் அமைந்திருக்கிறதாம். மெர்டேக்கா சுதந்திர தினத்தின் ஓராண்டு விழா லீவுக்கு அவர்கள் மலாக்கா வருகிறார்களாம். காலையில் புலாவ் பெசார் தீவின் கடற்கரையைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் வீட்டில் தாம்பூலம் மாற்ற வேண்டுமாம். இது சுமத்ரா காற்றுக் காலம். உல்லாசத்துக்கு யாரும் தீவுக்குப் போவதில்லை; தீவுக்கு எதிரே உம்பாய்க் கரையில் படகுகளை மேலே இழுத்துப்போட்டு வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கேட்ட படகுக்காரர்கள் எல்லாரும் முடியாது என்றுவிட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் பேசினா கேப்பாங்களாமே" என்றாள். மலாயில் பேசுகிறவன், இப்போது உங்க வீட்டுக்காரர்! நான் சிரித்த முகத்தோடு காப்பி கொடுத்தேன்.

உன் அப்பாவைத்தான் தெரியுமே. ரோஷம் என்பது மருந்துக்கும் கிடையாது. மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு உம்பாய்க்குப் போய், படகுக்காரர் பாக் ஹசானோடு ரொட்டி தின்று, பழைய கதையெல்லாம் பேசி, மோட்டார் படகுக்குச் சம்மதம் வாங்கிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பௌர்ணமி கழிந்த சமயம், தண்ணீர் வெகுதூரம் வற்றும். நடுப்பகலில் தீவை விட்டுக் கிளம்பினால்தான் படகு உம்பாய்க் கரையைத் தொடும். தாமதித்தால் நடுச் சேற்றில் நிற்க வேண்டியதுதான். இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வா என்று என்னைத்தான் அனுப்பினார்.

போனேன். "படகுக்காரர் நடுப்பகல்ல கிளம்பணும்னு சொல்றார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் காலண்டரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் எமகண்டம்! "எமகண்டத்துல சம்பந்தியைக் கூட்டிக்கிட்டு யாராச்சும் கிளம்புவாங்களா? உங்க வீட்டு வழக்கம் வேற போல" என்றாள். அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வற்றும் என்பதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்மா" என்று வந்துவிட்டேன். அந்தக் கடைசிப் பேச்சை அவள் பேசாமல் இருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேனோ? மாட்டேன். உன்னிடம் எதற்குப் பொய்?

கூடப் போன அப்பா வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாக் ஹசான் நடுப்பகலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம். அப்பாவும் தண்ணீரைக் காட்டிச் சொன்னாராம். தனலட்சுமி எமகண்டம் முடியட்டும் என்று பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். திரும்பி வரும்போது கரைக்கு அரை மைல் முன்னாலேயே படகு தட்டி நின்றுவிட்டது. சிங்கப்பூர் அம்மாள் காஞ்சிபுரம் பட்டோடு முழங்கால் சேற்றில்! அவள் புருஷன் போட்ட கூச்சலில் கரையில் வலை பின்னியவர்கள் எல்லாம் எழுந்து வேடிக்கை பார்த்தார்களாம். ராஜரத்தினம் என்ன செய்தான் தெரியுமா? சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "யாராவது ஏதாவது செய்யுங்க" என்றானாம். வீடு போய்ச் சேரும்போது ராகுகாலம் பிடித்துவிட்டது. தாம்பூலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு படகு பேசத் தெரியாதவர்கள் வீட்டில் பெண் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் காரை எடுத்துப் போய்விட்டார்கள்.

கேட்டதும் என் வயிறு குளிர்ந்தது, ஜெயா. அதே கோயில் வாசலில் போய்த் தேங்காய் உடைத்தேன். நன்றாகச் சிதறியது.

ஆனால் உன் அப்பா இருக்கிறாரே! அந்தச் சேற்றில் இறங்கி, தனலட்சுமியை முதுகில் தூக்கிக்கொண்டு கரை சேர்த்தாராம். தலையில் அடித்துக்கொண்டேன். ஏன் தூக்கினீர்கள் என்று சத்தம் போட்டால், "சூடாலா!", போதும் விடு என்று மலாயில் சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். அழுகிறவளை எப்படி விட்டு வருவதாம்.

அதனால் வந்த வினை இது. வெள்ளிக்கிழமை அவள் மகனோடு வந்தாள், கையில் தாம்பூலத் தட்டு. "தப்புப் பண்ணிட்டேன். உங்க பொண்ணையே குடுங்க" என்று அப்பா முன்னால் அழுதாள். நான் தட்டைத் தூக்கித் தெருவில் வீசத்தான் போனேன். அப்பா கையைப் பிடித்து வாங்கி, சாமி விளக்கடியில் வைத்துவிட்டு, ஜெயா சொல்லட்டும் என்று முடித்துவிட்டார். உன் விலாசத்தையும் அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் கடிதம் என் கடிதத்துக்கு முன்னாலேயே வந்திருக்கும். அவர்கள் மூக்கை அறுக்கப் போய், அவனை நானே அவிழ்த்து உன்னிடம் அனுப்பிவிட்டேன், பாவி!

வேண்டாம் என்று எழுது, கண்ணு. அம்மாவுக்காக எழுது. சேற்றில் கால் வைக்கப் பயந்தவன் உன்னை எங்கே தாங்கப்போகிறான்? நீங்கள் இருவரும் ஸ்டுடியோவில் எடுத்த படம் நீ ஈப்போ போன நாளிலிருந்து அலமாரியில் இல்லை. யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வேண்டாம் என்று எழுத உனக்குக் கை வரவில்லை என்றால், அப்பா பெயருக்கு எழுது. அந்த மாரியம்மன் உன்னைப் பார்த்துக்கொள்வாள். தட்டு இன்னும் விளக்கடியில்தான் இருக்கிறது. வெற்றிலை வாடிவிடக் கூடாது என்று காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது. நான்தான் தெளிக்கிறேன், திட்டிக்கொண்டே.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்
அம்மா
பொன்னம்மா