பதினெட்டு நாள் விதி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு வாக்கியம் பேசிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

இன்று காலை பதிப்பகத்தில் முதலாளி என்னை அழைத்து ஒரு காகிதக் கட்டைக் காட்டினார். பங்கு வர்த்தகம் செய்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் 'காளை' என்ற பெயரில் யாரோ போட்டிருக்கும் கோப்பின் நகல். நாங்கள் போன மாதம் வெளியிட்ட ஸ்விங் டிரேடிங் புத்தகத்தின் முறை முழுவதும் அதில் இருக்கிறது. எந்த நிலையில் பங்கை வாங்க வேண்டும், சில நாளோ சில வாரமோ வைத்திருந்து எந்த நிலையில் விற்க வேண்டும், எல்லாம். கூடவே பதினான்கு பக்கங்களின் புகைப்படம். மூன்றாவது படத்தின் ஓரத்தில் நீலக் கட்டம் போட்ட மேசை விரிப்பு தெரிகிறது. என் வீட்டு மேசை விரிப்பு. முதலாளி கவனிக்கவில்லை. நான் சட்டென்று அடுத்த தாளைப் புரட்டிவிட்டேன்.

புத்தகம் அச்சுக்கே போகாத நேரத்தில் நீ லீவுக்கு வந்திருந்தாய். "சும்மா பொரட்டிப் பாத்துட்டு தரேங்க்கா" என்று கெஞ்சினாய். பிழை திருத்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புரூஃப் கட்டை, யாரிடமும் காட்டாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். நன்றாகத் தலையாட்டினாய். இன்றே அந்தக் கோப்பை எடுத்துவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்குப் போயா இப்படிப் பதறுகிறாய்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் எதையும் திருடவில்லை. அவர் சொன்ன விதிகளை வைத்து நானே நிரல் எழுதினேன். இருநூறு பங்குகளின் பத்து வருடப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தேன். பேக்டெஸ்ட் என்றால் அவ்வளவுதான். இந்த முறையை அப்போதே பின்பற்றியிருந்தால் லாபமா நஷ்டமா என்று பார்ப்பது. புத்தகம் எழுதிய மனிதர் இதைச் செய்யவே இல்லை, தெரியுமா? நாலு அழகான வரைபடத்தைப் போட்டுக் கடையை மூடிவிட்டார். அவர் எழுதிய வாக்கியத்துக்குத்தான் காப்புரிமை அக்கா, விதிக்குக் கிடையாது. வக்கீலைக் கேட்டுப் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாள் முழுக்கக் கிரீஸ் கையோடு லிஃப்ட் குழிக்குள் நிற்கிறவன் நான். "ஏம்ப்பா, எப்ப ஓடும்?" என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. இந்தக் குழுவில் நாலாயிரம் பேர் என்னைக் 'காளை சார்' என்கிறார்கள். ஒரு டாக்டர், "சார், உங்க பேக்டெஸ்ட பாத்துட்டுதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு" என்று எழுதியிருக்கிறார். அதையெல்லாம் இழக்க எனக்கு மனசு வரவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாதத்தில் பாதி சரி. விதி யாருக்கும் சொந்தமில்லை என்றே வைத்துக்கொள்வோம். பதினான்கு பக்கப் புகைப்படம் யாருடைய வாக்கியம்? உன் லிஃப்ட் கம்பெனியின் வரைபடத்தை நான் தெருவில் ஒட்டினால் சும்மா இருப்பாயா?

அதை விடு. விஷயம் கைமீறிவிட்டது. உன் கோப்பில், கடந்த பதினெட்டு நாளின் மிகக் குறைந்த விலைக்கும் கீழே போனால் விற்றுவிடு என்று இருக்கிறது. ஆசிரியர் எழுதியது எட்டு நாள். பதினெட்டு என்பது முதல் புரூஃபின் திருத்தங்களைச் சேர்க்கும்போது நுழைந்த தட்டச்சுப் பிழை. இரண்டாம் புரூஃபில் அதைக் கண்டுபிடித்து, ஆசிரியரையே கேட்டுத் திருத்தினேன். அச்சான புத்தகத்தில் எட்டுதான். ஆக, பதினெட்டு இருந்தது இரண்டாம் புரூஃபில் மட்டும். அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். நானும், எனக்குப் பக்கத்து மேசையில் பக்கம் வடிவமைக்கிற பெண்ணும்.

முதலாளிக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. "பிழைய கண்டுபிடிச்சவங்களே பிழையோட வெளிய குடுப்பாங்களா?" என்றார். நேற்றிலிருந்து அந்தப் பெண்ணை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் தண்ணீர் பாட்டில்கூட மேசையிலேயே கிடக்கிறது.

உன் இருநூறு பங்குகளும் இன்றைக்கு உயிரோடு இருக்கிற கம்பெனிகள்தானே? இடையில் மூடிப்போன கம்பெனிகளைச் சேர்த்தாயா? சேர்க்காவிட்டால் நஷ்டம் மறைந்து கணக்கு பொய்யாக இனிக்கும் என்று ஆறாம் அத்தியாயத்தில் அவரே எச்சரிக்கிறார். நீ அதைப் படிக்கவில்லை. படம் பிடித்து மட்டும் போட்டிருக்கிறாய்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் எட்டு நாள் வைத்து ஓட்டிப் பார்த்தேன். நஷ்டம். பதினெட்டு வைத்தால்தான் லாபம். அந்தப் பெரிய மனிதரைவிட உங்கள் தட்டச்சுப் பிழைக்கு விவரம் அதிகம்! மூடிப்போன கம்பெனிகளின் விலை எங்கே கிடைக்கிறது, சேர்ப்பதற்கு?

இப்போது கோப்பை எடுத்தால் என் மானம் கப்பலேறும். அதை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அது பிழை என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

நீ வாயைத் திறக்காதே. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயது, கணினி வேலை தெரியும், நாளைக்கே வேறு இடம் கிடைக்கும். ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு யார் வேலை தருவார்கள்? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, ஒரே அறை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "நீங்களாவது நம்புறீங்களாக்கா, நான் செய்யலன்னு?" என்றாள். நம்புகிறேன் என்றேன். அதைவிடக் கேவலமான உண்மையை நான் வாழ்நாளில் பேசியதில்லை.

வேறு இடத்தில் வேலை கேட்டாளாம். "பழைய எடத்துல என்ன பிரச்சன?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். உன் 'நாளைக்கே' இந்த லட்சணத்தில் இருக்கிறது.

உன் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. என் மேல் அதைவிட அதிகமாக. திங்கட்கிழமைக்குள் கோப்பை எடு. முதலாளிக்கு நீயே ஒரு கடிதம் எழுது. நான் கொடுத்தேன் என்று நானும் சொல்கிறேன். இரண்டு பேருமாகப் போய் நிற்போம். திட்டினால் சேர்ந்தே வாங்கிக்கொள்வோம்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. புகைப்படங்களை எடுத்துவிட்டேன், உனக்காக. கோப்பு மட்டும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை குழுவில் நான் நேரலையில் பேசுவதாக அறிவித்துவிட்டார்கள். அது முடியட்டும், பத்து நாள் பொறு. அப்புறம் நிதானமாக யோசித்துக் கடிதம் எழுதலாம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும் பார்.

அந்த ஆசிரியரின் அடுத்த புத்தகமும் உங்களிடம்தான் வருகிறது என்று குழுவில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? சும்மாதான் கேட்டேன்.

உன் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

புதன்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவர் நம்பவில்லை. "அந்தப் பொண்ண காப்பாத்த சொல்றீங்களாம்மா?" என்றார். இல்லை, நான்தான் கொடுத்தேன் என்று திரும்பவும் சொன்னேன். பிறகு என் மேசைச் சாவியைக் கேட்டார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வேலைக்குத் திரும்புகிறாள். போனில் சொன்னேன். கேட்டதும் போனை வைத்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. உன் மாமா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அதையும் தாங்கிக்கொள்ளலாம்.

அதோடு முடியவில்லை. ஆசிரியரின் வக்கீலும் வந்திருந்தார். "யாருக்குக் குடுத்தீங்க? யாரு அந்தக் காளை?" என்று கேட்டார். குழுவில் யாருக்கும் தெரியவில்லையாம்.

பள்ளிக்கூடத்தில் உன் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டவள் நான். நீ ஜன்னலை உடைத்தபோது பந்து என்னுடையது என்றவள் நான். முதல் வேலையை நீ சொல்லாமல் விட்டு ஓடியபோது, உனக்குக் காய்ச்சல் என்று போன் செய்தவளும் நான்தான். இந்தத் தடவையும் ஏதாவது பொய் சொல்ல வாய் வந்தது. நீ எழுதிய அந்த 'சும்மாதான் கேட்டேன்' நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். உன் முழுப்பெயர், அப்பா பெயர், வீட்டு முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் வழக்கம்போல இரண்டு தடவை சரிபார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

அக்கா