சீட்டில் எழுதிய ஐம்பத்தாறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இருமலையும் என் இடுப்பு வலியையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் டிவியில் பார்த்துக்கொள்கிறேன், எங்களை அப்படிப் பார்க்க உனக்கு வழியில்லையே என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன். பத்து மட்டையும் வரும் அதே பையில், ஓரத்து உறையில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். மட்டையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் புலம்பல்தானே அப்புறம் படிக்கலாம் என்று போட்டுவிடாதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நானும் தைரியம் போய் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று.

உன் அண்ணன் வீடு மாறிவிட்டான், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன்னைவிட இரண்டே வயது மூத்தவன், ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் மூச்சு வாங்கினான். உன் தங்கச்சி இந்நேரம் மூணு செட்டு ஆடி முடிச்சிருப்பாடா என்று அப்பா கேலி செய்தார், அவளுக்கு என்ன அவ இரும்புல செஞ்சவ என்று அவன் முனகினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கீழே எழுதுகிறேன். கிளப்பில் மூன்றாம் கோர்ட்டில் விரிசல் விட்டிருக்கிறது, பார்ப்பார் இல்லை. கிளப் படிக்கட்டுக்குக் கீழே என் கடை அப்படியேதான் இருக்கிறது, மட்டைக்கு நரம்பு கட்டுகிற மிஷினுக்கு மட்டும் ஒரு பிடிப்புக் கட்டை மாற்றினேன்.

போன வாரம் டிவியில் ஒரு கண்றாவியைப் பார்த்தேன். கோட்டு போட்ட மூன்று பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, டென்னிஸ்காரர்கள் முப்பத்தைந்து தாண்டியும் எப்படி விடாமல் ஜெயிக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் அரைத்த மாவையே அரைத்தார்கள். முன்பெல்லாம் முப்பதிலேயே மூட்டை கட்டிவிடுவார்களாம், இப்போது அப்படி இல்லையாம். ஒருவர் தூக்கம் என்றார், ஒருவர் ஐஸ் தொட்டி என்றார். டாக்டர், பிசியோ, சமையல்காரர் என்று ஒரு பட்டாளமே கூடச் சுற்றுகிறது, வேண்டிய போட்டியை மட்டும் பொறுக்கி ஆடி உடம்பைச் சேமிக்கிறார்கள், மட்டையும் இப்போது லேசு என்றார் மூன்றாமவர். எதுவும் பொய் இல்லை. ஆனால் பேசுகிற விதம் இருக்கிறதே, சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, இது தோள், இது இடுப்பு, இது முட்டி என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். பெற்றவள் பார்க்கிற காட்சியா அது? அதில் ஒருவர் இருபத்தேழிலேயே ஆட்டத்தை விட்டவர். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் காலத்தில் இந்த வசதியெல்லாம் இருந்திருந்தால் நானும் ஆடியிருப்பேன் என்று பெருமூச்சு வேறு விட்டார். சீ, வெட்கம் வேண்டாமா மனுஷனுக்கு!

அதற்குப் பிறகுதான் உன் பேட்டியைப் போட்டார்கள். நீ வலது கையைத் தூக்கிக் காட்டி, இருபது வயசுல என் மட்டை நரம்புக்கு ஐம்பத்தாறு பவுண்டு இழுவை, இன்னிக்கும் அதே ஐம்பத்தாறுதான், மத்தவங்க எல்லாம் வயசாக ஆகக் குறைச்சுக்கிட்டாங்க, நான் ஒரு பவுண்டுகூடக் குறைக்கல, என் கைக்கு வயசே ஆகல என்று சொன்னாய். அந்தக் கோட்டுக்காரர்கள் மூன்று பேரும் கை தட்டினார்கள், இங்கே அப்பாவும் தட்டினார். நான் பாதிச் சோற்றோடு எழுந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் கொட்டினேன். மறுநாள் காலையில் உன் பழைய கோச் விசில் மாஸ்டர் நீ சொன்னதைக் கொட்டை எழுத்தில் எழுதி கிளப் பலகையில் ஒட்டிவிட்டார். அவ்வளவுதான், நாற்பது தாண்டிய தொப்பைகள் எல்லாம் என் கடை வாசலில் வரிசை கட்டி நின்றன, எனக்கும் ஐம்பத்தாறு போடுங்கம்மா என்று. வேண்டாம், நரம்பு அவ்வளவு விறைப்பாக இருந்தால் பந்து விழும்போது அந்த அதிர்ச்சி நேராக முழங்கையில் போய் இறங்கும் என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். உங்க பொண்ணுக்கு இறங்கலியே என்று ஒரே பதில். அதில் உன் பல்லைக் கட்டினாரே அந்தப் பல் டாக்டர், அவருக்கு வயது நாற்பத்தாறு, பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்டு போனார். நாலே நாள். கையைத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கொறடு பிடிக்க முடியவில்லையாம், நோயாளிகளை எல்லாம் வேறு டாக்டரிடம் அனுப்பிவிட்டாராம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, உங்க பொண்ணு தெய்வப் பிறவிம்மா என்றுதான் சொன்னார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அன்று சாயங்காலம்தான் உன் போன் வந்தது. அம்மாவுக்கு அறுபத்து மூணு ஆச்சு, இனிமே நீ மிஷின்ல குனிஞ்சு கஷ்டப்பட வேணாம், இந்தப் பத்து மட்டைதான் கடைசி, அடுத்த போட்டியிலிருந்து இங்கே இருக்கிற ஆளே கட்டுவார், ஐம்பத்தாறுன்னு சொல்லிட்டேன், கம்ப்யூட்டர் மிஷினாம், இம்மி பிசகாதாம் என்று நீ சொன்னாய். முப்பத்தேழில் நீ ஓடலாம், அறுபத்து மூன்றில் நான் நரம்பு கட்டக் கூடாதா, நன்றாக இருக்கிறதடி நியாயம் என்று கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. ஏனென்றால், கண்ணு, உன் மட்டையில் ஐம்பத்தாறு இல்லை. ஏழு வருஷமாக இல்லை.

உனக்கு முப்பது முடிந்து வீட்டுக்கு வந்தாயே, முழங்கையில் பட்டை சுற்றிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாயே, அப்போது ஆரம்பித்தது. டாக்டர் இழுவையைக் குறைக்கச் சொன்னார், விசில் மாஸ்டரும் சொன்னார், நானும் சொன்னேன். அதெல்லாம் கிழவிங்க கட்டுறது, ஐம்பத்தாறுக்குக் குறைஞ்சா நான் ஆட்டத்தையே விட்டுடுவேன் என்று மட்டையைச் சுவரில் அடித்தாய். சரி என்று தலையாட்டிவிட்டு நான் கடைக்குப் போய் ஐம்பத்து நாலில் கட்டினேன். மட்டைக் கழுத்தில் ஒட்டுகிற சீட்டில் மட்டும் வழக்கம்போல ஐம்பத்தாறு என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து வலி விட்டுவிட்டது, எல்லாம் உடற்பயிற்சியால்தான் என்று நீ குதித்தாய். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு பவுண்டு இறக்கினேன். ஒரேயடியாக இறக்கினால் உன் கைக்குத் தெரிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் பார்சலில் வந்ததில் நரம்பு தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் போட்டி நடக்கிற இடத்திலேயே கட்டிக்கொள்ளும்போது நீ மட்டும் பத்து மட்டை அங்கே பத்து மட்டை இங்கே என்று அனுப்பிக்கொண்டிருந்தாயே, எல்லோரும் உன்னை அம்மா பிள்ளை என்று கேலி செய்தார்களே, அந்த நம்பிக்கையில்தான் என் பொய் பிழைத்தது. இப்போது இரண்டு வருஷமாக நாற்பத்தொன்பதில் நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நீயும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாய்.

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் ஐம்பத்தாறு என்று எழுதும்போது கையில் ஏதோ அழுக்கு ஒட்டிய மாதிரி இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவுவேன். உன்னைக் காப்பாற்றத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். த்தூ, என்ன சமாதானம்! என் மகளை ஊர் உலகத்துக்கு முன்னால், அவளுக்கே தெரியாமல், பொய் சொல்ல வைத்துவிட்டேன். உன் பிசியோ பெண் அந்தக் கையைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறாளாமே, அவளையும் முட்டாளாக்கினேன். பாவம் அந்தப் பல் டாக்டர், அவர் கை போன பழியும் என் தலையில்தான். ஆனால் உன்னையும் விடமாட்டேன். ஐம்பத்தாறாம் ஐம்பத்தாறு, என்ன பொல்லாத ஐம்பத்தாறு! வயதாகிறது என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? கூட இருக்கிற உன் வயதுக்காரிகள் எல்லாம் குறைத்துக்கொண்டுதானே ஆடுகிறார்கள், அவர்களைப் பார்த்து நீ உதட்டைச் சுழித்ததை டிவியில் பார்த்தேன், எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

இதைப் படித்ததும் ஏழு வருஷமும் வீண், ஜெயித்ததெல்லாம் அம்மா செய்த மோசடி என்று உனக்குத் தோன்றும். உன்னைப் பெற்றவள் எனக்குத் தெரியாதா? இழுவையைக் குறைப்பது குற்றம் இல்லை, எந்தச் சட்டத்திலும் தப்பு இல்லை. நரம்பு தளர்ந்தால் பந்து கையில் நிற்காது, கோட்டைத் தாண்டிப் பறக்கும். அதை அடக்க நீ மணிக்கட்டைத் திருப்பக் கற்றுக்கொண்டாய், அரை அடி முன்னாலேயே நிற்கக் கற்றுக்கொண்டாய், எதற்கு என்று தெரியாமலே கற்றுக்கொண்டாய். ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இருபது வயதில் அந்த ஐம்பத்தாறை வைத்துக்கொண்டு நீ ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. வாங்கிய மூன்றும் முப்பது தாண்டிய கைக்கு வந்தவை.

கடவுள் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும், விரும்புகிற மட்டும் ஆடு, போதும் என்று தோன்றும் அன்றைக்கு நிம்மதியாக இறங்கு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அவரிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பத்து மட்டையிலும் சீட்டில் உண்மையான எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். உனக்கு என் மேல் கோபம் வரும், போன் போட்டுத் திட்டுவாய், திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதல் போன் எனக்கு வேண்டாம். நரம்பு கட்டுகிற அந்த ஆளுக்குப் போடு, நாற்பத்தொன்பது என்று சொல், அவர் கட்ட ஆரம்பிப்பதற்குள் சொல். எனக்கு அப்புறம் போடு.

உன்னை ஏமாற்றிய, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா