புழு ஷெட்டும் சென்ட் பாட்டிலும்

தை 14, புதன்

பனி. எட்டு மணிக்குத்தான் வெயில். பட்டுப்புழு நாலாவது தோலும் உரித்துவிட்டது. இனி ஒரு வாரம் அசுரத் தீனி, அப்புறம் கூடு. மல்பெரித் தழை மூன்று வேளை. ஷெட்டில் தூவும் சுண்ணாம்பு தீர்ந்தது, வாங்க வேண்டும்.

சாயங்காலம் ரேவதி ஸ்கூலில் பாடம் எடுத்து முடித்து வந்தவள் ஒரு டப்பாவை நீட்டினாள். கருநீலப் பாட்டில். வெளிநாட்டுப் பெயர், வாயில் நுழையவில்லை. ஆம்பளை சென்ட்.

"ஞாயித்துக்கிழமை எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு இதான் போட்டுக்கணும்ங்க."

சந்தோஷம். பத்து நிமிஷம். அப்புறம் ஒரு நினைப்பு: எதற்கு சென்ட்? கல்யாணம் ஆகி எட்டு மாசம். என் மேல் எந்நேரமும் தழை வாடை, புழு வாடை, பிளீச்சிங் பவுடர். அவள் சேலத்து டவுன்காரி. புழு நெளிந்தாலே உடம்பு கூசுதாம், ஷெட்டின் வலைக்கதவைத் தாண்டியதே இல்லை. சொல்லாமல் சொல்கிறாளோ?

தை 15, வியாழன்

புத்தி கெட்டுப்போய் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளிய மாதிரி. நல்லாத்தான் இருக்கிறது.

பக்கத்துக் காட்டுச் சின்னசாமி அண்ணன் மோப்பம் பிடித்துவிட்டார். "டேய், அந்தக் கையோட உள்ள போயிராத! சென்ட் வாடை பட்டா புழு தின்னாது, வாந்தி எடுத்துச் செத்துப்போயிரும்!"

எனக்குத் தெரியாதா? சோப்பு, சிகைக்காய், புளி. தோல் சிவந்ததுதான் மிச்சம். மதியத் தீனியை அண்ணனே போட்டார். வாசம் போக ஆறு மணி ஆனது.

ரே. சோறு போடும்போது தள்ளி உட்கார்ந்தேன்.

"என்னாங்க, கோவமா?"

"இல்ல."

தை 16, வெள்ளி

சுண்ணாம்பு வாங்கியாச்சு. சட்டை இஸ்திரிக்கு. ரே.யிடம் கேட்டுவிடலாமா? ஆமாம் என்று சொல்லிவிட்டால்? வேண்டாம்.

தை 18, ஞாயிறு

விடியலில் தீனி, குளியல். ஷெட்டை விட்டுத் தள்ளி ரோட்டுக்குப் போய் சென்ட். அடித்துவிட்டது ரே. கழுத்தில் இரண்டு, சட்டையில் ஒன்று. மற்ற இரண்டு வேளைத் தீனி சி. அண்ணன் பொறுப்பு.

தர்மபுரி மண்டபத்தில் அவள் மாமா: "யாருப்பா இது, துபாய் மாப்பிள்ளையா?" முகூர்த்தம் முடிவதற்குள் நார்த்தங்காய் போய் ஏலக்காய். மதியத்துக்கு மேல் நனைந்த மரக்கட்டை வாசம். அதுதான் எனக்குப் பிடித்தது. ரே. நாள் முழுக்க என் தோளை ஒட்டியே நின்றாள். எனக்காகவா, பாட்டிலுக்காகவா?

காரிமங்கலம் பஸ்ஸில் வரும்போது அண்ணன் போன். "மதியம் போட்டுட்டேன். இப்ப மாடு கன்னு போடுது தம்பி, நகர முடியல. நீ பாத்துக்க."

நான் எப்படி உள்ளே போவது? சட்டையைக் கழற்றினாலும் கழுத்தெல்லாம் வாசம். குளித்தும் போகவில்லை. ரே. தலைப்பூவை எடுத்தாள், தலைக்கு ஊற்றினாள், என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

வலைக்கு வெளியே நான். "ஓரத்துல போடு. அழுத்தாத." ஒரு தடவை கத்தினாள். புழு கையில் ஏறிவிட்டது. உதறவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு மெதுவாக எடுத்துத் தழைமேல் விட்டாள். அப்போதுதான் கேட்டேன். நடுவில் வலை இருந்த தைரியம்.

"என் மேல நாத்தம் அடிக்குதுன்னுதான சென்ட் வாங்குன?"

தழையைக் கீழே வைத்தாள். "தலை தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்தீங்களே, நான் அசிங்கமா இருக்கேன்னா எடுத்தீங்க?"

இவளைப் போய் நான்கு நாளாக என்னென்னவோ நினைத்தேன்.

தை 19, திங்கள்

மேகம். எழுந்ததும் இரண்டு தடவை குளித்தேன். தோளை முகர்ந்து பார்த்தேன். வெறும் சோப்பு. ஷெட்டுக்குக் கிளம்பினேன். ரே. வழியை மறித்து என் கழுத்தில் மூக்கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இன்னும் போகலைங்க. இன்னிக்கும் நானே தீனி போடறேன். ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன்."

துளி வாசம் இல்லை, எனக்குத் தெரியும்.

"எதுக்கும் இன்னொரு தடவ பாரு" என்றேன்.