உன் படத்துக்கு அவன் போட்ட மாலை

மகனின் பள்ளிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, வண்டிகளில் மணத்துக்கு வைக்கும் பாண்டான் இலையின் வாசம் அடித்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. காலரை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். எரிந்த டீசல். அந்த நாற்றத்தை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுபவள் நீதான். நீ போனபின் அது என் வேலையாகிவிட்டது.

கல்லூரிக் கடைசி வருடம் ஒரு பழைய வேன் எஞ்சினோடு மல்லுக்கட்டினோமே. எரியும் எண்ணெயின் சூட்டில் ஒரு நல்ல பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அதைப் பிடித்து மின்சாரமாக்கினால் எஞ்சினுக்குச் சுமை குறையும், எண்ணெய் மிஞ்சும் என்பது நம் கணக்கு. புகைக்குழாயின் நடுவே ஒரு பெட்டியைப் பொருத்தினோம். சின்ன விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்ட, நீ மட்டும் பெட்டியின் இணைப்பை முகர்ந்து முகத்தைச் சுளித்தாய். புகை கசிந்துகொண்டிருந்தது. போதாததற்கு, பெட்டி வழியை அடைத்ததில் எஞ்சின் மூச்சு முட்டி, முன்பைவிட அதிகமாகவே எண்ணெய் குடித்தது.

நம் வகுப்பில் ஒருவன் இருந்தானே, எப்போதும் சென்ட் மணக்க வருவான். "லைட் எரியுதுல்ல? அத மட்டும் காட்டுங்க லா" என்றான்.

"சூடு வீணாப் போனா போவட்டும். மனுசன் நெஞ்சுக்குள்ள புகை போவக்கூடாது" என்றாய். அறிக்கையில் தோற்றது என்றே எழுதிக் கொடுத்தோம். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பலுக்குள் புகையின் சூட்டில் கொதிகலன் ஓடுவதைப் பார்த்தபோது உனக்குப் பொறாமைகூட வரவில்லை. அவர்களிடம் இடமும் இருக்கிறது, பராமரிக்க ஆளும் இருக்கிறது என்றாய்.

இப்போது என் மகன் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே தள்ளாடுகிறான். தலை வலிக்கிறது என்கிறான். ஒருநாள் வாசலிலேயே வாந்தி எடுத்தான். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று வீட்டில் பெயர் எடுத்தாயிற்று, அதனால் யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை வேன் ஓட்டும் அங்கிளிடமே கேட்டேன். ஜன்னல்களை அடைத்து ஏர்கான் போட்டிருந்தார். இருக்கைகளுக்கு அடியிலெல்லாம் பாண்டான் இலைக் கட்டுகள்.

டீசல் மிச்சமாகப் புகைக்குழாயில் புதுப் பெட்டி மாட்டியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். கொஞ்சம் வாடை வருகிறதாம், அதற்குத்தான் இத்தனை இலை. புகைக்கு இலை வைத்து மணக்க வைத்திருக்கிறார், உள்ளே பிள்ளைகள்.

"செத்துப்போன ஒரு பொண்ணு கண்டுபிடிச்சதும்மா. அதுல போய் பொய் சொல்வாங்களா?"

அன்று மகனை வேனில் ஏற்றவில்லை. பெட்டியை வாங்கியதாக அவர் சொன்ன பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போனேன். பளபளக்கும் பெட்டிகள் அடுக்கியிருக்க, அவற்றுக்கு மேலே நீ. பட்டமளிப்பு அங்கியில், மல்லிகை மாலையோடு, முன்னால் ஊதுபத்தி புகைய. அடியில் 'இவரின் கனவு' என்று எழுதியிருந்தது. டெங்கிக் காய்ச்சலில் நீ போன அன்று எட்டிக்கூடப் பார்க்காதவன், அதே சென்ட் வாசத்தோடு வந்து நின்றான்.

பிள்ளைகள் போகும் வேனுக்குள் புகை கசிகிறது என்றேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல் என்றான். படத்தைக் கழற்று என்றேன்.

"கஸ்டமருக்கு நம்பிக்கை வரணும்ல. அவ இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா."

"அவ இருந்திருந்தா உன் மூஞ்சியில துப்பியிருப்பா."

அந்த மாலையை நிமிர்ந்து பார்த்தேன். தினமும் புதிதாக வாங்கிப் போடுகிறான் போலிருக்கிறது, ஒரு பூகூட வாடவில்லை. ஆணியிலிருந்து உன் படத்தை எடுத்துக்கொண்டேன். மாலையை அவன் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து எத்தனை முறை கழுவியும் கையில் அந்த மல்லிகை போகவில்லை.

அந்தப் பெண்ணே வேண்டாமென்று தூக்கிப்போட்டதுதான் இது என்று அங்கிளிடம் சொன்னேன். அன்றே பெட்டியை அவர் கழற்றிவிட்டார். மகனுக்கு இப்போது தலைவலி இல்லை.

ஆனால் கிள்ளானில் இந்த ஒரு வேனா ஓடுகிறது? பள்ளி வாசலில் நிற்கும் ஒவ்வொரு வேனின் அடியிலும் குனிந்து பார்க்கிறேன். மற்ற அம்மாக்கள் சிரிக்கிறார்கள். "எந்திரிம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று மகன் கையைப் பிடித்து இழுக்கிறான்.

நேற்று ஒன்றின் அடியில் அந்தப் பெட்டி மின்னியது. என்ன தேடுறீங்க அக்கா என்று ஓட்டுநர் இறங்கி வந்தார். முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.