வாலில் ஒட்டிய அந்தோனியார்

மரியே வாழ்க

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
20.09.1982

அன்பு மனைவி எமல்டாவுக்கு,

நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். பஹ்ரேனில் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இன்று காலை நான் அடித்த தந்தி இக்கடிதத்துக்கு முன்பே உனக்குக் கிடைத்திருக்கும். அதை வாசித்துவிட்டு இந்த மனிசனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாய். அதற்கு விளக்கம் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் என் எரிச்சலை எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் மற்றது வராது.

ஜூலை மாதம் நீ எழுதிய கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் விமானம். ஐந்தடிச் சிறகாம், ரேடியோப் பெட்டியால் ஓட்டுவதாம், வெள்ளிக்கிழமை லீவில் ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே மணலுக்குப் போவீர்களாம். எக்ஸ்ரேயில் வேலை செய்யும் கோவாக்காரர் பீற்றர்தான் உனக்குப் பழக்குகிறாராம், பொறுமையான மனிதராம். மீதி அரைப் பக்கத்தில் அம்மாவின் பிரஷரையும் என் இருமலையும் விசாரித்திருந்தாய். நவம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறதே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடிதத்தோடு நீ வைத்திருந்த போட்டோவை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று கேட்காதே. நீ பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாய். உன் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வயர் புறப்பட்டுப் போட்டோவின் ஓரத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த வயர் பீற்றரின் பெட்டிக்குப் போகிறது என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். அவர் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை விமானம் உன் சொல் கேட்கும், நீ தடுமாறினால் பொத்தானை விட்டுவிட்டு அவர் எடுத்துக்கொள்வார் என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வயர் எத்தனை அடி இருக்கும் என்பதே இரண்டு நாளாக யோசனை. துறைமுகத்தில் மூட்டைக் கணக்கைப் பிழையாக எழுதி ஐயாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

போட்டோவை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் உன் அக்கா றோஸியிடம் காட்டினேன். நீ மெலிந்துவிட்டாய் என்று சொல்வார், சேர்ந்து கவலைப்படலாம் என்று போனேன். அவரோ, "இப்பதான் பிள்ளையின்ர முகத்தில ஒரு தெளிவு இருக்கு" என்றார். பிறகு தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே, இன்னும் இரண்டு வருசத்துக்கு ஆஸ்பத்திரி உன்னைக் கேட்டிருக்கிறது, நீ யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னார். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார். தெரியும் என்று நானும் தலையாட்டினேன். பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் வழி முழுக்க உன் மேலும் கோபம், அக்கா மேலும் கோபம், முகம் தெரியாத பீற்றர் மேல் இரண்டு மடங்கு கோபம்.

பெண்சாதி பறக்கவிடுகிறாள், புருஷன் பட்டம் கூட விட்டதில்லை என்றால் யார் மதிப்பார்கள்? மாளிகாவத்தையில் ரேடியோ திருத்துகிற ஸாலிஹ் நானாவிடம் இப்படி ஒரு விமானமும் இரண்டு பெட்டியும் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரைப் போய்ப் பிடித்தேன். கப்பலில் வேலை செய்யும் அவருடைய மச்சான் சிங்கப்பூரில் வாங்கிவந்ததாம். ஓகஸ்ட் முழுக்க ஞாயிறு முதல் பூசை முடிந்தவுடன் மட்டக்குளி காக்கைத்தீவுக்குப் போய்விடுவோம். உனக்கு எழுதாமல்தான் பழகினேன். நன்றாக ஓட்டப் பழகிவிட்டு ஒருநாள் அலட்சியமாக எழுத வேண்டும் என்று ஆசை.

சும்மா சொல்லக்கூடாது, கஷ்டமான வித்தை அது. விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதுதான். நம்மை நோக்கி வரும்போது பெட்டியில் உள்ள குச்சியை இடப்பக்கம் தள்ளினால் கண்ணுக்கு வலப்பக்கம் போகிறது. எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, அது நிமிர்ந்துவிடும் என்று நானா சொல்லித்தந்தார். உனக்குப் பீற்றரும் இப்படித்தான் சொல்லித்தந்தாரா? வயரையும் அளந்து பார்த்துவிட்டேன். ஆறடி. பறக்கிற நேரம் ஸாலிஹ் நானா ஒருதரம்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை, நானும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அதைக் கண்டு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் ஒருநாள் விமானம் தலைகீழாக வரும்போது என் கை விறைத்துப்போக, அவர் சத்தமில்லாமல் பொத்தானை விட்டு அதைக் காப்பாற்றித் தந்தார். அந்த நிமிசம் அவர் மேல் எனக்கு எவ்வளவு நன்றி வந்தது தெரியுமா? உடனே, நீயும் பீற்றரிடம் இப்படித்தானே உணர்ந்திருப்பாய் என்று யோசனை வந்தது. வந்த ஆறுதலும் போய்விட்டது.

இனிப் பதக்கக் கதை. செப்டெம்பர் நாலாந் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் இரண்டு பெரிய பித்தளைப் பதக்கம் வாங்கிச் சாமியாரிடம் மந்திரித்து, ஒன்றை உனக்குக் கடிதத்தோடு அனுப்பினேன் அல்லவா? விமானத்தின் வாலுக்கு அடியில் ஒட்டிவிடு, திசை திருப்புவது வால்தான், புனிதர் அங்கே இருந்தால் காவலாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், உன் விமானத்தில் பீற்றருடைய பெட்டியைத் தவிர என்னுடைய ஏதாவது ஒன்றும் இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். மற்றதை அடுத்த நாளே ஸாலிஹ் நானாவுக்குத் தெரியாமல் எங்கள் விமானத்தின் வாலில் ஒட்டினேன்.

எஞ்சின் இரைந்து கிளம்பியது. பத்து முழ உயரம் போகவில்லை, மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நின்றது. நான் குச்சியை முன்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நானா பொத்தானை விட்டுத் தானே எடுத்துப் பார்த்தார், அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு சிறகு சாய்ந்து மணலில் குத்தியது. சிறகு இரண்டு துண்டு. அவர் வாலைத் திருப்பிப் பார்த்துப் பதக்கத்தைக் கழற்றி, மண்ணைத் துடைத்து என் கையில் தந்தார். சிரிக்கவில்லை. "வின்சன்ற் தம்பி, ஒங்கட சாமிய நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா வால்ல பாரம் வெச்சா யார் வந்தாலும் காப்பாத்தேலாது" என்றார்.

எமல்டா, இது நடந்தது ஐந்தாந் திகதி. உன் பதக்கம் அப்போது தபாலில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே தந்தி அடித்திருக்கலாம். நான் அடிக்கவில்லை. நாளைக்குப் பார்ப்போம், வேலை இருக்கிறது, காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் விமானம் விழட்டும் என்று ஆசைப்பட்டேன். பீற்றர் பொத்தானை விட்டும் அது விழ வேண்டும், அவராலும் முடியவில்லை என்று நீ பார்க்க வேண்டும், அதோடு அந்த வெள்ளிக்கிழமைகள் நிற்க வேண்டும், நீ நவம்பரில் வந்துவிட வேண்டும். இதெல்லாம் நினைத்தேன். பதினைந்து நாள் நினைத்தேன். நடுவில் பூசைக்கும் போனேன், நற்கருணை நன்மையும் எடுத்தேன். வெட்கம் கெட்டவன்.

நேற்றுக் காக்கைத்தீவில் ஸாலிஹ் நானா சிறகை ஒட்டிக்கொண்டே, இப்படி விழுகிற விமானம் ஆள் நிற்கிற பக்கமும் வரும், எஞ்சின் சுற்றும்போது விரலே போகும் என்று தன் பாட்டில் சொன்னார். அதன் பிறகு எனக்கு நித்திரை ஏது? விடிந்ததும் தபாற்கந்தோர் வாசலில் நின்றேன். வாலில் உள்ள பதக்கத்தை உடனே கழற்று என்று எழுதிக் கொடுத்ததைத் தந்தி எடுக்கும் மனிசன் இரண்டு தரம் வாசித்து, "மொன வலிகெத மாத்தயா" என்று சிங்களத்தில் கேட்டார். எந்த வால் என்று அவருக்கு நான் எதைச் சொல்ல? அவசரம் என்று மட்டும் சொன்னேன். பதக்கம் உன் கைக்கு வந்திருக்கக்கூடிய நாளுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. அதுதான் என்னைத் தின்கிறது.

அம்மாவின் பிரஷர் குறைந்திருக்கிறது. மேல்வீட்டு ஹியூபேட் டீவி வாங்கியிருக்கிறார், படிக்கட்டு முழுக்க ஆட்கள். என் இருமலும் பரவாயில்லை.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே, வந்துவிடு என்று எழுதத்தான் போன மாதமே இந்தத் தாள்களை வாங்கிவைத்தேன். இப்போது அதை எழுத எனக்கு முகம் இல்லை. இன்னும் இரண்டு வருசம் இருக்க உனக்கு மனமிருந்தால் இரு, உன்னை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். பீற்றருக்கு என் வணக்கத்தைச் சொல். அதை எழுத எனக்குப் பத்து நிமிசம் பிடித்தது.

நீ தனியாக ஓட்டும் நாளில் காற்று உனக்குச் சாதகமாக இருக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. பதில் எழுதும்போது நீ நவம்பரில் வருவதையும் வராததையும் பிறகு எழுது. உன் கைவிரல்கள் பத்தும் சுகம் என்று முதல் வரியில் எழுது.

உன்,
வின்சன்ற்