சூசையின் கைநாட்டு

1936 ஜூலை 9, வியாழன்

நான் சூசையின் காணியை எழுதி வாங்கப் பார்த்தேன் என்று ஊர்காவற்றுறை முழுவதும் பேச்சு. சுத்தப் பொய். என் பேக்கரிப் போறணையில் பாண் சுடும் வேலைக்கு அவரை எடுக்க ஒரு கடிதம் எழுதி, கைநாட்டு வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான். இங்கே ஆள் எடுக்க வெற்றிலை கொடுத்தால் போதும். கைநாட்டு என்றால் காணி ஈடு என்றே நினைக்கிறார்கள். அது என் குற்றமா?

இன்று கடிதத்தை வாசித்துக் காட்டினேன். விடியமுன் வரவேண்டும், குளித்துவிட்டு வரவேண்டும், குடிக்கக்கூடாது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் நான் செய்யவேண்டியதுதான் எழுதிக் கிடக்கு, அம்மா. போறணையிலை என்ரை கை வெந்தால் நீங்கள் என்ன செய்வியள்?"

"மருந்து போடமாட்டனோ?"

"அதையும் எழுதுங்கோவன். நீங்களும் கைநாட்டு வையுங்கோ."

கன்னியர் மடத்தில் படித்த எனக்குக் கைநாட்டாம்! முடியாது என்றேன். எழுந்து போய்விட்டார். நாளை போறணை மூட்ட ஆளில்லை.

ஆனால் அவர் கேட்டது நியாயம். காயம்பட்ட வேலையாளுக்கு முதலாளியே பொறுப்பு என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். என் சட்ட அலுவல் பார்க்கும் பிறக்கிராசியாரிடம் கேட்டால், "பாப்பம், பாப்பம்" என்கிறார். காலையில் அவருக்கு இப்படி எழுதி அனுப்புவேன்: சூசைக்குக் கை வெந்தால் சட்டப்படி நான் என்ன செய்யவேண்டும்? வாய்ச்சொல் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.