மருத்துவர் ஃபஸீஹாவை ஒருமுறை அனுப்பி வைக்க வேண்டி

அனுப்புநர்
சி. தாண்டவராயன், விவசாயி,
பெரிய தெரு, கீழ்ப்புத்தேரி,
திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாறுதலில் சென்ற மருத்துவர் ஃபஸீஹா அவர்கள், என் மனைவி வேணியை ஒருமுறை நேரில் வந்து பார்க்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் யார் மீதும் இல்லை. மாறுதல் போட்டவர் விதிப்படி போட்டார். போனவர் ஆணைப்படி போனார். வந்தவர்களும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் பார்த்தார்கள். இதற்கு நடுவில் என் மனைவியின் கால் கெட்டுவிட்டது. நடந்ததைத் தங்கள் பார்வைக்குக் கீழே வைக்கிறேன்.

1. வேணிக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பெரிய போர்டு மாட்டிய இடங்களில் எல்லாம் காட்டி அலுத்துப்போன பிறகுதான் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த மருத்துவர் ஃபஸீஹா இருந்தார். முதல் நாளே வேணியை நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டு அவள் சிரித்த முகமாக வெளியே வந்தது எனக்கு ஆச்சரியம். நான் திட்டினால் இரண்டு நாள் பேச மாட்டாள்.

2. வேணிக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் உபாதையை மருத்துவர் எதிரில் உட்கார்ந்து சொல்ல மாட்டாள். என் இருமலைச் சொல்வாள், என் முதுகுவலியைச் சொல்வாள். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் திரும்பி, "எனக்குக்கூட லேசா கால் எரியுதுங்கம்மா" என்பாள். நாங்கள் வந்ததே அதற்காகத்தான். மருத்துவர் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். வேணி படி இறங்கும்வரை அடுத்தவரைக் கூப்பிடமாட்டார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இப்ப உங்க கதைய சொல்லுங்க வேணிம்மா" என்பார்.

3. சென்ற ஆண்டு அவர் மாறுதலில் போனார். பிறகு வந்தவர்களில் ஒருவரும் நிலைக்கவில்லை. ஒரு முகம் பழகுவதற்குள் இன்னொரு முகம் வந்துவிடும். வேணி செருப்பு மாட்டுவதற்குள் அடுத்த நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் கதையை வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

4. ஐயா, எங்கள் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போய் இன்னொரு டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காட்டுவதை மரியாதைக் குறைவாக நினைப்போம். உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடும். அதனால் புதிய மருத்துவர் கேட்டபோது, மருத்துவர் ஃபஸீஹா எழுதிய மாத்திரையைச் சுருக்குப் பையில் மறைத்துவிட்டு, "ஒண்ணும் சாப்பிடறது இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்தார். பழையதை விட்டால் அந்தம்மாவுக்குத் துரோகம், புதியதை விட்டால் இவருக்கு அவமரியாதை. இரண்டு பேர் மனமும் நோகக் கூடாதென்று இரண்டையும் விழுங்கினாள். மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும்போது சர்க்கரை இறங்கி வயலிலேயே மயங்கி விழுந்தாள். சர்க்கரைத் தண்ணீர் புகட்டித்தான் பிழைக்க வைத்தோம்.

5. அந்தப் பயத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். எனக்கும் சொல்லவில்லை. மரத்துப்போன காலில் வேலிக்காத்தான் முள் ஏறியது அவளுக்கே தெரியவில்லை. இப்போது வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. திண்டிவனத்தில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறேன். விரலை எடுக்காவிட்டால் சீழ் மேலே ஏறி முழுக்காலும் போகும் என்று அறுவை மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வேணி கையெழுத்துப் போட மறுக்கிறாள். "வெட்டணும்னா வெட்டிக்கட்டும். அத அந்தம்மா வந்து பாத்து அவங்க வாயால சொல்லட்டும்" என்கிறாள். கணவன் நான் போடலாமா என்று கேட்டேன். நினைவோடு இருப்பவரைக் கேட்காமல் செய்ய முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

6. மருத்துவரைத் தேடாத இடமில்லை. பழைய தொலைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கோட்டக்குப்பத்தில் விசாரித்தேன். விழுப்புரத்தில் ஏதோ அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். விழுப்புரம் வந்து டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் அலைந்து பார்த்தேன். எந்த அலுவலகம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொந்தக்காரரா என்று ஓர் இடத்தில் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை.

7. வேணிக்காக மட்டும் எழுதுவதாகச் சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கும் அவர் வேண்டும் ஐயா. உள்ளே நுழைந்ததும் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று முதலிலிருந்து தொடங்காத ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டுமென்று மிகவும் ஏங்குகிறேன். எங்கள் ஊருக்கு யாரை அனுப்பினாலும் அவரைச் சில ஆண்டுகளாவது எங்களோடு இருக்கவிடும்படியும் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவரின் விலாசத்தை எனக்குத் தர வேண்டாம். அது முறையல்ல என்றால் ஒத்துக்கொள்கிறேன். இந்த மனுவை அவரிடம் சேர்த்து, அரை நாள் அனுமதி கொடுத்தால் போதும். அவர் பார்த்து, எடுத்துவிடலாம் என்று சொன்னால் வேணி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவாள். வர முடியாத நிலை என்றால், அதையும் அவரே போனில் அவளிடம் சொல்லும்படி செய்ய வேண்டுகிறேன். நான் சொன்னால் நம்ப மாட்டாள். வார்டுக்குள் பெண் டாக்டர் யார் நுழைந்தாலும், தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்காருகிறாள்.

இடம்: திண்டிவனம்
நாள்: 08.08.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(ஒப்பம்) சி. தாண்டவராயன்